கோட்டைக்குள் நெல்

தென்மாவட்டப் பேச்சில் ‘கோட்டை’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. மதிலும் கொத்தளமும் உடைய அரண் ஒன்று. மற்றது நெல் சார்ந்தது. விதைநெல்லை வைக்கோல் புரியால் இறுகச் சுற்றிக் கட்டி வைப்பது விதைக்கோட்டை. 21 மரக்கால் கொண்ட முகத்தல் அளவுக்கும் கோட்டை என்றே பெயர். அரணும் தானியமும் ஒரே ஒலியில் வழங்குவது மொழியின் தற்செயலாக இருக்கலாம். முற்றுகை என்றால் என்ன என்று கண்ட தலைமுறைகளுக்கு அதில் வியப்பு எதுவும் இருந்திராது.

திண்டுக்கல் நகரின் மேற்கே மொட்டைப் பாறைமேல் நிற்கும் கோட்டை 1605-ல் மதுரை நாயக்கர் முத்துகிருஷ்ணப்பரால் தொடங்கப்பட்டது என்பர். திருமலை நாயக்கர் காலத்தில் அது வலுப்பெற்றது. பின்னர் மைசூர் ஆட்சியில் மேலும் இறுகியது. மலையேறிப் பார்ப்பவர் அங்கே காண்பவற்றில் போரிட்ட தடயங்களைவிடச் சேமித்த தடயங்களே மிகுதி. மழைநீர் தங்காமல் வழிந்தோடச் சரித்துக் கட்டிய கூரையும், அதில் வட்டக் காற்றுத் துளைகளும் கொண்ட வெடிமருந்துக்கிடங்கு, அகன்ற சமையற்கூடம், குதிரை லாயம், பாறைச் சரிவையே வாய்க்காலாகப் பயன்படுத்தி மழையைத் தேக்கிய சுனைகள், கைதிகளை அடைத்த அறைகள். உச்சியில் ஒரு கோயிலும் உண்டு. அதன் கருவறையில் இன்று மூர்த்தி இல்லை. வழிபாடு அடிவாரத்து ஊருக்குள், காளஹஸ்தீஸ்வரர் – அபிராமி அம்மன் கோயிலில் நடக்கிறது.

வாளேந்தியவன் செய்யும் கொலையைப் பற்றி எல்லாச் சமயங்களும் நிறையப் பேசியிருக்கின்றன. அவனுக்குச் சோறு வடித்தவன், பொதிமாடு ஓட்டியவன், பீரங்கி வண்டியின் அச்சுக்கு எண்ணெயிட்டவன், கிடங்கின் இருப்புக் கணக்கை எழுதியவன் ஆகியோரைப் பற்றிய பேச்சு குறைவு. போரின் வினையில் இவர்களுக்குப் பங்கு உண்டா? உண்டென்றால் எவ்வளவு? திண்டுக்கல் மலையின் கிடங்குகளும் லாயமும் சமையற்கூடமும் எழுப்பும் கேள்வி இதுதான். தமிழ் மரபில் இதற்கு ஒரே விடை இல்லை.

பழைய இலக்கணம் இக்கேள்வியை அறக்கேள்வியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. தொல்காப்பியம் வஞ்சித்திணையின் துறைகளில் ஒன்றாகப் பெருஞ்சோற்று நிலையை வைக்கிறது: படை புறப்படுமுன் அரசன் வீரர்களுக்குச் சோறு அளிப்பது. அதற்கு முந்தைய வெட்சியில் போரின் முதற்செயலே பகைவரின் ஆநிரையைக் கவர்வது. ஆநிரை என்பது நடமாடும் உணவுக்கிடங்கு. அதைக் கவர்ந்தபின் வீரர்கள் பங்கிட்டுக்கொள்வதற்கும் பாதீடு என்று தனித்துறை உண்டு. பிற்காலப் புறப்பொருள் வெண்பாமாலை பகைவர் நாட்டைத் தீயிடுவதையும் கொள்ளையிடுவதையும் உழபுல வஞ்சி, மழபுல வஞ்சி என்று பெயரிட்டு வரிசைப்படுத்துகிறது. தன் படைக்கு ஊட்டுவதும் பிறன் களஞ்சியத்தை எரிப்பதும் ஒரே திணைக்குள் அடுத்தடுத்த துறைகளாக நிற்கின்றன. இலக்கணம் நடப்பதை வகைப்படுத்துகிறது, தீர்ப்புச் சொல்வதில்லை என்று இதற்குச் சமாதானம் சொல்லலாம். அந்த வரிசை உறுத்தாமல் போவதில்லை.

இந்த மரபில் தனித்து நிற்பவன் சேரமான் பெருஞ்சோற்று உதியன் சேரலாதன். புறநானூற்றின் இரண்டாம் பாட்டில் முரஞ்சியூர் முடிநாகராயர், பாரதப் போரில் ஐவரும் நூற்றுவரும் பொருதபோது அவன் பெருஞ்சோறு அளித்ததைப் பாடுகிறார். இரு படைக்கும் அளித்தான் என்பது வழிவழியாகக் கொள்ளும் பொருள். இறந்த முன்னோருக்கு அவன் இட்ட பலிச்சோறே இப்படிப் பாடப்பட்டது என்று கருதும் ஆய்வாளரும் உண்டு. வரலாறு எதுவாயினும் அறநோக்கில் கதை கூர்மையானது. ஒரு பக்கத்துக்கு மட்டும் சோறு கொடுத்தவன் அந்தப் பக்கத்தின் ஆள். இரு பக்கத்துக்கும் கொடுத்தவன் யார்? பசித்த உயிருக்கு உணவிட்டவன் என்பது ஒரு விடை. போர் விரைவில் ஓயாமல் பார்த்துக்கொண்டவன் என்பதும் ஒரு விடைதான். புலவர் முதல் விடையையே எடுத்துக்கொண்டார். பசி பகையைவிட மூத்தது என்ற எண்ணம் அதன் அடியில் கிடக்கிறது.

சமண மரபு இவ்வளவு தாராளமாக விடுவதில்லை. ஒரு வினை மூன்று வழியாக ஒருவனைச் சேரும் என்பது அதன் கோட்பாடு: தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்ததை உடன்பட்டு ஏற்றல். இக்கணக்கில் கிடங்குக் காவலனுக்கு எளிதில் விடுதலை இல்லை. சமணமும் உலகியலை அறியாததன்று. இல்லறத்தார்க்கு அது ஹிம்சையை நான்காகப் பகுத்தது: கருதிச் செய்வது, இல்வாழ்க்கைப் பணிகளில் நேர்வது, தொழிலில் நேர்வது, எதிர்த்துக் காக்கையில் நேர்வது. முதலாவதை முற்றும் விலக்கவேண்டும். மற்ற மூன்றையும் இயன்றவரை குறைக்கவேண்டும். திண்டுக்கல் மாவட்டத்தில், பழனிக்கு மேற்கே உள்ள ஐவர்மலையில் சமணத் துறவியர் வாழ்ந்த குகைத்தளமும் தீர்த்தங்கரர் உருவங்களும் உள்ளன. அங்குள்ள கல்வெட்டு சக ஆண்டு 792, அதாவது கி.பி. 870, வரகுண பாண்டியன் காலத்தது. சாந்திவீரக் குரவர் என்பவர் பார்சுவநாதர் உருவத்தையும் இயக்கியர் உருவங்களையும் புதுக்கி, அவற்றின் திருவமுதுக்கும் அடிகள் ஒருவரின் உணவுக்கும் 505 காணம் பொன் வைத்த செய்தி அதில் இருக்கிறது. பழுதுபார்ப்பு, முதலீடு, ஓர் ஆளுக்கான தொடர் உணவு. நிருவாக நோக்கில் இதற்கும் ஒரு கோட்டைக் காவற்படையின் ஏற்பாட்டுக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை. எதற்காக என்பதுதான் வேறு.

திருக்குறளின் புலால் மறுத்தல் அதிகாரமும் இதே தொடர்ச்சியைத் தொட்டுச் செல்கிறது. தின்பவர் இல்லையென்றால் விலைக்கு ஊன் தருபவரும் இருக்கமாட்டார் என்பது அங்கு வரும் வாதம். கொன்றவன் கையோடு வினை நிற்பதில்லை, வாங்குபவன் கை வரை நீளுகிறது என்பது அதன் உட்பொருள். பௌத்தம் இல்லறத்தாருக்கு விலக்கிய ஐந்து வணிகங்களில் முதலாவது படைக்கல வணிகம். உயிர், ஊன், கள், நஞ்சு ஆகியவை மற்றவை. நெல் வணிகம் அந்தப் பட்டியலில் இல்லை. படைக்கு விற்ற நெல்லைப் பற்றி அங்கே பேச்சும் இல்லை. நெல்லுக்கு இயல்பிலேயே தீங்கு கிடையாது. யாருடைய குதிரில் இறங்குகிறது என்பதை வைத்தே அது படைநெல் ஆகிறது.

ஆனால் குதிரில் இறங்குவதற்கு முன்பே அந்த நெல்லுக்கு ஒரு வரலாறு உண்டு. எங்கிருந்து, எப்படி எடுக்கப்பட்டது என்பது அது. தமிழ்ச் சிந்தனை அதிக நேரம் நின்று யோசித்த இடம் இதுதான். பாண்டியன் அறிவுடைநம்பிக்குப் பிசிராந்தையார் சொன்ன அறிவுரை வரி வாங்குவது பற்றியது. உவமையோ யானையைப் பற்றியது. அறுத்த நெல்லைக் கவளமாக்கி அளந்து கொடுத்தால் சிறு வயலின் விளைச்சலும் யானைக்குப் பல நாள் வரும். யானை தானே வயலில் புகுந்தால் வாயில் போவதைவிடக் காலில் மிதிபடுவது அதிகம். அன்று யானை படையின் ஓர் உறுப்பு. அளந்து எடுக்கும் அரசும் புகுந்து எடுக்கும் அரசும் ஒரே அளவு உண்ணலாம். நாட்டுக்கு மிஞ்சுவது ஒன்றாக இருக்காது. வழங்கல் மேலாண்மை என்று இன்று பெயர் பெற்ற துறையின் அறம் முழுவதும் இந்த உவமையில் அடங்கும். அதே பாண்டியர் வழியில் வந்த நெடுஞ்செழியனுக்கு, போர்ப்புகழில் திளைத்தவனுக்கு, குடபுலவியனார் சொன்னது இன்னும் நேரடியானது: உணவு கொடுத்தவரே உயிர் கொடுத்தவர், உணவென்பது நிலமும் நீரும் சேர்ந்தது, ஆகவே குளம் வெட்டு. போர்ப்புகழ் தேடியவனுக்குக் கண்மாய் வெட்டும் வழி விடையாக வந்தது.

நாயக்கர் ஆட்சியில் அளந்து எடுப்பதற்கு ஒரு கணக்கு இருந்தது. பாளையக்காரரின் வருவாயில் மூன்றில் ஒரு பங்கு நாயக்கருக்கு, ஒரு பங்கு படையைப் பேணுவதற்கு, ஒரு பங்கு அவருக்கு என்பது பொதுவாகச் சொல்லப்படும் வகுப்பு. விருப்பாட்சி, கன்னிவாடி, ஆயக்குடி, இடையகோட்டை, அம்மையநாயக்கனூர் என்று திண்டுக்கல் சமவெளியில் பாளையங்கள் நெருங்கி இருந்தன. மலைக்கோட்டையின் உணவு இவற்றின் வயல்களிலிருந்தே வந்தது. கணக்கு குலைந்தபோது முதலில் தெரிந்ததும் இந்தச் சமவெளியில்தான்.

1755-ல் மைசூர் அரசின் ஃபௌஜ்தாராக, அதாவது படை அதிகாரியாக, திண்டுக்கல்லுக்கு வந்த ஹைதர் அலி படைத்தளவாடத்தில் அக்கால இந்திய அரசர் பலரையும்விட முன்னே யோசித்தவர். பிரெஞ்சு வல்லுநர்களின் துணையோடு இங்கே ஆயுதச்சாலை நிறுவினார். பீரங்கிப்படைக்கு உரிய வேலைகளைத் தேர்ந்த கைவினைஞரைக் கொண்டு செய்வித்தார். அவரைப் பற்றி மார்க் வில்க்ஸ் எழுதிய கதை ஒன்று வழங்கல் அறத்தின் மறுபக்கத்தைக் காட்டும். பாளையக்காரர்களை ஒடுக்கிய சண்டையில் காயம்பட்டோருக்கு மைசூர் அரசு உதவித்தொகை தரவேண்டும். உண்மையில் காயம்பட்டவர்கள் 67 பேர். கணக்கெடுக்க வந்த அதிகாரியின் முன் மஞ்சள் தோய்ந்த கட்டுகளோடு சுமார் 700 பேர் நின்றார்கள். வில்க்ஸ் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் ஆள், ஹைதரின் நண்பரல்லர் என்பதை மனத்தில் வைத்தே இதைப் படிக்கவேண்டும். ஆனாலும் பொய்க் கணக்கு எந்த நாட்டுப் படைக்கும் அந்நியமன்று. ஆள் இல்லாமல் சம்பளம், குதிரை இல்லாமல் கொள்ளு என்று எழுதும் பேனா எல்லாக் கொடிகளின் கீழும் ஓடியிருக்கிறது. போரில் யாரையும் கொல்லாத அந்தப் பேனாவின் கடன் கடைசியில் உழவன் வாசலுக்குத்தான் வந்து நிற்கும்.

1780-ல் ஹைதர் கர்நாடகச் சமவெளிக்குள் இறங்கியபோது எதிரிக்கு ஒரு மணி தானியமும் கிடைக்காதபடி சென்னையைச் சுற்றிய நாட்டைப் பாழாக்கினார். அடுத்த ஆண்டுகளில் சென்னையைப் பஞ்சம் பிடித்தது. கம்பெனிப் படையின் கதையும் அழகானதன்று. 1791 மே மாதம் மைசூர்த் தலைநகர் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் வாசல் வரை சென்ற கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ், இழுவை மாடுகள் செத்து உணவும் தீர்ந்ததால், தன் முற்றுகைப் பீரங்கிகளைத் தானே உடைத்துவிட்டுத் திரும்பினார். அவர் படைக்குத் தானியம் கொண்டுவந்தவர்களில் பிரிஞ்சாரிகள் முக்கியமானவர்கள்: பொதிமாட்டு மந்தைகளோடு நாடு முழுதும் சுற்றிய வணிகக் கூட்டத்தார். போர்க்காலத்தில் எந்தப் படைக்கும் விற்றார்கள். உதியன் செய்ததை இவர்கள் விலைக்குச் செய்தார்கள் என்று சொல்லலாம். ஆனால் அவர்கள் மாடுகள் வராத ஊரில் பஞ்சம் வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

போரைப் பற்றி எந்த மயக்கமும் இல்லாத நூல் கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம். வேவு, நஞ்சு, பொய்ச் சாமியார் என்று எல்லாவற்றையும் கருவியாக்கிய அந்த நூல் களஞ்சியத் தலைவனுக்கு ஒரு விதியை வைக்கிறது: சேமித்ததில் பாதியை நாட்டு மக்களின் இடர்க்காலத்துக்கு ஒதுக்கவேண்டும், மீதிப் பாதியையே பயன்படுத்தவேண்டும், பழையதை எடுத்துப் புதியதை வைக்கவேண்டும். கடைசிப் பகுதி கிடங்குத் தொழிலின் பால பாடம். எந்தச் சரக்கு அறையிலும் இன்றும் அதுவே விதி. முதற்பகுதியில் அறம் இருக்கிறது. நூலாசிரியர் அதை அறம் என்று சொல்லவில்லை, ஆட்சியின் நலன் என்றே கருதினார். பாதி நெல் குடிகளுடையது என்று கிடங்கிலேயே எழுதி வைத்தபின், கோட்டைக்குள் இருப்பதெல்லாம் படைக்கே என்ற பேச்சுக்கு இடமில்லாமல் போகிறது.

இந்த ஒதுக்கீடு குலையும்போது நடப்பதற்கு அண்மைய எடுத்துக்காட்டு தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிந்தையது. 1876–78 பஞ்சம் சென்னை மாகாணத்தைச் சூறையாடியபின் பிரிட்டிஷ் இந்திய அரசு பஞ்சக் காப்பு நிதி என்ற பெயரில் புதிய வரிகள் விதித்தது. 1878-ல் ஆப்கானியப் போர் தொடங்கியது. பஞ்சத்துக்கென்று வாங்கிய பணம் போருக்குத் திரும்பியது என்று அரசியல் தலைவர் கிளாட்ஸ்டன் உள்ளிட்டோர் இங்கிலாந்திலேயே குற்றம் சாட்டினர்.

பொருளைச் சேர்ப்பதோடு பேணுவதும் இந்தக் கேள்வியைச் சேர்ந்தது. திருக்குறளின் அரண் அதிகாரம், உள்ளிருப்போர்க்கு வேண்டிய உணவும் தேவையான பொருள்களும் அரணுக்குள் இருக்கவேண்டும் என்கிறது. அதே அதிகாரம், எத்தனை சிறப்பிருந்தும் செயல்திறம் இல்லாதவரிடத்தில் அரண் இல்லாததற்குச் சமம் என்று முடிகிறது. திண்டுக்கல் கோட்டை இதை 1790 ஆகஸ்டில் கண்டது. கர்னல் ஸ்டூவர்ட்டின் கம்பெனிப் படை முற்றுகையிட்டது. மதிலில் விழுந்த உடைப்பு போதுமானதாக இல்லை. கொண்டுவந்த வெடிமருந்து தீரும் நிலையில் வேறு வழியின்றிப் பாய்ந்த தாக்குதலும் முறிந்தது. வெளியில் இருந்தவர்களின் இருப்பு உள்ளே இருந்தவர்களுக்குத் தெரியாது. இரவோடு இரவாகக் காவலர் பலர் நழுவ, கோட்டை சரணடைந்தது. கிடங்கில் பொருள் இருந்தது, நிற்க ஆள் இல்லை.

பேணுதலை வழிபாடாகவே ஆக்கியது சரஸ்வதி பூசையை ஒட்டிய ஆயுத பூசை. விஜயநகரத்தின் மகாநவமி விழாவில் அரசர் படையைப் பார்வையிட்டதை 1520-ஐ ஒட்டி அங்கு வந்த போர்த்துகீசியர் டொமிங்கோ பாயஸ் விரிவாக எழுதினார். நாயக்கர் அந்த மரபின் வாரிசுகள். மழைக்காலத்துக்குப்பின், படையெடுப்புப் பருவம் தொடங்குமுன் ஆண்டுக்கொருமுறை எல்லா ஆயுதமும் வெளியே வரும். துரு தேய்க்கப்படும், எண்ணெய் இடப்படும். பக்தியின் பெயரால் நடந்த இருப்புச் சோதனை என்று இதைக் குறைத்துச் சொல்வது சரியன்று. வெறும் பக்தி என்பதும் சரியன்று. இன்று திண்டுக்கல்லின் பூட்டுப் பட்டறைகளில் அதே நாளில் அரத்துக்கும் பட்டறைக் கல்லுக்கும் சந்தனமும் குங்குமமும் வைக்கிறார்கள். கருவி போர்க்கருவியாக இருந்தால்தான் வணங்குவது என்ற நிலை எப்போதோ மாறிவிட்டது.

அந்த விழாவே ஒரு கிடங்கின் அழிவுக்கும் வாய்ப்பானது என்று சிவகங்கைச் சீமையில் ஒரு வரலாறு வழங்குகிறது. கணவரை இழந்த சிவகங்கை அரசி வேலு நாச்சியார் கோபால நாயக்கரின் விருப்பாட்சியில் தங்கி, ஹைதர் அலியின் துணையோடு படை திரட்டி 1780-ல் சிவகங்கையை மீட்டார். நவராத்திரி நாளில் கோயிலுக்குள் இருந்த எதிரியின் ஆயுதக்கிடங்கில் நாச்சியாரின் படையைச் சேர்ந்த குயிலி தன் உடலில் நெய்யூற்றித் தீவைத்துப் பாய்ந்தாள் என்று அக்கதை சொல்லும். அதன் சான்றுகளைப் பற்றி வரலாற்றாசிரியர்கள் வாதிடுகிறார்கள். கதை நிலைத்ததற்குக் காரணம் உண்டு: ஒரு வீரனை வீழ்த்துவதைவிட ஒரு கிடங்கை அழிப்பது பெரிது என்று கேட்ட எல்லோருக்கும் உடனே புரிந்தது.

தெய்வத்தையே வழங்கல் அதிகாரியாக்கிய கதைகளும் மதுரை வட்டாரத்தில் உண்டு. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் தண்ணீர்ப் பந்தல் வைத்த படலம் ஒரு போர்க்களக் கதை. வெயிலில் நா வறண்ட பாண்டியன் படைக்குச் சிவன் பந்தல் அமைத்துத் தண்ணீர் வார்க்கிறார். வியாச பாரதத்தின் துரோண பருவத்தில், பதினான்காம் நாள் போரின் நடுவே கண்ணன் குதிரைகளை அவிழ்த்து, தைத்த அம்புகளைப் பிடுங்கி, நீர்காட்டித் தேய்த்துவிட்டு மறுபடி பூட்டுகிறான். இரண்டும் அழகான காட்சிகள். இரண்டிலும் தெய்வம் ஒரு பக்கத்தின் தெய்வம். உதியனின் சோற்றுக்கு இருந்த பரப்பு அந்தத் தண்ணீருக்கு இல்லை. அதே திருவிளையாடலில் உலவாக்கோட்டை அருளிய படலம் வேறு திசையில் செல்கிறது. அடியாருக்கு உணவிட்டே வறுமையுற்ற வேளாளனுக்கு, எடுக்க எடுக்கக் குறையாத நெற்கோட்டையை இறைவன் தருகிறார். அந்தக் கோட்டைக்கு மதில் இல்லை. மணிமேகலையின் அமுதசுரபி இன்னும் ஒரு படி மேலே போய், சிறைக்கோட்டத்துக்குள் நுழைந்து அதையே அறக்கோட்டமாக்கியது. குறையாத பாத்திரத்துக்கு இருப்புக் கணக்குத் தேவையில்லை, ஒருவரிடமிருந்து எடுத்து இன்னொருவருக்குக் கொடுக்கவும் தேவையில்லை. எடுக்காமல் கொடுக்கும் நிலை மனிதக் கிடங்குக்கு வாய்க்காது என்பதால்தான் இவை அற்புதக் கதைகள் ஆயின.

அற்புதம் இல்லாத உலகில் கோடு போட முயன்றது 20-ஆம் நூற்றாண்டின் சட்டம். ஜெனீவா உடன்படிக்கைகளுக்கு 1977-ல் சேர்ந்த முதலாம் கூடுதல் நெறிமுறையின் 54-ஆம் பிரிவு, பொதுமக்களைப் பட்டினி போடுவதைப் போர்முறையாகக் கொள்ளக் கூடாது என்கிறது. பயிர், கால்நடை, குடிநீர்நிலை, பாசன அமைப்பு ஆகியவற்றுக்குக் காப்பு தருகிறது. படையினரின் உணவுக்கு மட்டுமே ஆன பொருளுக்கு அந்தக் காப்பு இல்லை. மழபுல வஞ்சியைத் தடைசெய்த சட்டம், கோட்டைக்குள் போன நெல்லை விட்டுவிடுகிறது. பாதி குடிகளுக்கு, மீதி அரசின் பயன்பாட்டுக்கு என்று அர்த்தசாஸ்திரம் வைத்த களஞ்சியம் ‘மட்டுமே’ என்ற சொல்லுக்குள் அடங்காது; அதை எரிப்பவன் குடிகளின் பாதியையும் எரிக்கிறான். ஆட்களைப் பற்றியும் அதே நெறிமுறை பேசுகிறது. படையில் சேர்ந்தவருள் மருத்துவப் பணியாளரும் சமயக் குருமாரும் போராளிகள் அல்லர். மற்ற எல்லோரும் போராளிகள். சீருடை அணிந்த சமையற்காரர் அந்த ‘மற்ற எல்லோரில்’ ஒருவர். அவருக்கு அரிசி விற்கும் ஒப்பந்தக்காரர், பிரிஞ்சாரியைப் போல, படையோடு செல்லும் பொதுமகனாகவே எண்ணப்படுகிறார்; பிடிபட்டால் மட்டும் அவருக்குப் போர்க்கைதியின் உரிமைகள் உண்டு.